ஓசி ரிப்பேரும் நாற்பத்தொன்றாம் டோக்கனும்

ரிப்பேர் தொழிலில் ஒரு விஷயம் நிச்சயம்: வீட்டில் செத்துக் கிடக்கும் சாமான், ரிப்பேர் செய்கிறவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிடும். வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி படுத்துக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "எங்க வீட்டு ஃபேன் ஒரு மாதிரி கரகரங்குது தம்பி" என்று ஆரம்பித்து, உங்கள் இலையில் ரசம் ஆறிப்போன அனுபவம் உண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

தென்னூரில் மூடிக் கிடந்த ஒரு டியூஷன் சென்டரின் கீழ்த்தளத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரு அறக்கட்டளை நடத்தினோம். நான் முரளி, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. ரேவதி என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள், மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை. ஷாகுல் பாய் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்போம். யார் எதைக் கொண்டுவந்தாலும் காசு வாங்காமல் சரிசெய்து தருவோம். செலவுக்கு இணையத்தில் ஒரு பக்கம் போட்டுப் பலரிடம் நன்கொடை கேட்டோம். அறக்கட்டளைக்கு நாங்கள் வைத்த பெயர் 'மறுபடி ஓடும்'. ஊர் வைத்த பெயர் 'ஓசி ரிப்பேர்'. ஊர் வைத்ததுதான் நிலைத்தது.

அந்தப் பக்கத்தில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'எங்களிடம் வரும் எந்தப் பொருளும் காயலான் கடைக்குப் போகாது, வந்த கைக்கே திரும்பிப் போகும்.' என் தாத்தா சொன்ன கதைகளிலெல்லாம் ராஜா முதலில் ஒரு வாக்குக் கொடுப்பார், மிச்சக் கதை முழுக்க அவஸ்தைப்படுவார். அத்தனை கதை கேட்டு வளர்ந்தும் நான் அந்த வரியை எழுதினேன். பணம் போட்டவர்கள் பலரும் அதைப் பார்த்துத்தான் போட்டோம் என்றார்கள். கடை இன்று இல்லை. வாக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

தோஹா மாமா, மருங்காபுரி வாத்தியார்

பணம் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல எங்களிடம் இருந்தது ஒரு மார்க்கர் பேனாவும் ஒரு சுருள் வெள்ளை டேப்பும்தான். யார் பணத்தில் எந்தக் கருவி வாங்கினோமோ அதன் பிடியில் அவர் பெயரை ஒட்டினோம். சீக்கிரமே கருவியின் பெயர் போய் ஆள் பெயர் தங்கிவிட்டது. பெரிய ஸ்க்ரூடிரைவர், தோஹாவில் இருக்கும் ஒரு மாமா. கட்டிங் பிளேயர், சென்னையில் ஐடி வேலை பார்க்கும் ஒரு அக்கா. ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன், மருங்காபுரியில் ரிடையர் ஆன ஒரு கணக்கு வாத்தியார். "மாமா வழுக்குறாரு, அக்காவைக் குடு தம்பி" என்று பாய் கேட்கும்போது புதிதாக வந்தவர்கள் ஒரு அடி தள்ளி உட்காருவார்கள்.

ஒரு ஞாயிறு அந்த வாத்தியாரே நேரில் வந்துவிட்டார். வந்திருப்பது யாரென்று தெரியாமல் ரேவதி உள்ளேயிருந்து, "வாத்தியார் சூடாயிட்டாரா? மூக்கைத் தொடைச்சு இப்படிக் குடு" என்றாள். நான் சால்டரிங் அயர்னை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்து, சட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டேன். அவர் கையை நீட்டி வாங்கினார். கருகிப்போன முனையையும் பிடியிலிருந்த தன் பெயரையும் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி நிதானமாகப் பார்த்தார். "முப்பது வருஷமா என் பேரைக் கேட்டா பசங்க ஓடுவானுங்க. இங்கதான் கேட்டுக் கேட்டு வாங்குறீங்க."

உத்திர வீதி மிக்ஸி

எங்களுக்கு ஒரே ஒரு விதி. ஷாகுல் பாய் போட்டது. சாமானைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும். டார்ச் அவர் பிடிக்க வேண்டும். கழற்றுகிற ஸ்க்ரூவை அவர் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். "கடைசில ஒரு ஸ்க்ரூ மிஞ்சுச்சுன்னா பழி அவங்களுக்கு" என்பார் பாய். நிஜக் காரணம் வேறு. உள்ளே இருப்பதை ஒரு தடவை பார்த்தவர்கள் அடுத்த தடவை பயப்பட மாட்டார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்ரீரங்கத்தில், தெரிந்தவர் ஒருவரின் கார் ஷெட்டில் உட்காருவோம். உத்திர வீதி மாமி ஒருவர் மூன்று மாதம் தொடர்ந்து அதே மிக்ஸியைத் தூக்கி வந்தார். ஷெட்டில் செருகினால் ஜம்மென்று ஓடும். "எங்காத்துல மூச்சே விடல்லையே" என்பார் மாமி. மூன்றாம் மாதம் ரேவதி மிக்ஸியை விட்டுவிட்டு மாமியோடு வீட்டுக்குப் போனாள். சுவரிலிருந்த பிளக் பாயின்டுக்குள் ஒரு வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டு, விதிப்படி மாமி டார்ச் பிடிக்க, இரண்டு ஸ்க்ரூ முறுக்கியதோடு வேலை முடிந்தது. மாமிக்கு அது போதவில்லை. திரும்ப ஷெட்டுக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்: "பாயின்டாவது ஒண்ணாவது. இதுக்கு ரேவதியைப் பார்க்கணும்னு இருந்திருக்கு, பார்த்துடுத்து, ஓடறது."

எங்க ஊர் வாத்தியாரைக் குடுங்க

மருங்காபுரிப் பக்கத்திலிருந்து பழனியப்பன் என்ற விவசாயி பேட்டரியில் ஓடும் மருந்தடிக்கிற ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். சுவிட்சுக்குப் போகும் வயர் கருகியிருந்தது. கத்திரிச் செடியில் புழு. கடையில் கொடுத்தால் நாலு நாள் ஆகும், புழு நாலு நாள் காத்திருக்காது என்றார். உட்காரச் சொன்னோம். உள்ளங்கையில் ஆறு ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு, நான் வயரை வெட்டி ஈயம் வைப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குச் சந்தேகம்தான், இவருக்கு ஏதாவது ஏறியதா என்று.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். முதுகில் ஒன்று, கைகளில் இரண்டு என மூன்று ஸ்பிரேயர். எல்லாம் பக்கத்துக் காட்டுக்காரர்களுடையது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரப் போனேன். என்னைத் தோளில் தொட்டு மெதுவாக நகர்த்திவிட்டு அவரே உட்கார்ந்தார். மூன்றையும் அவரே திறந்தார், அவரே வெட்டினார், அவரே ஒட்டினார். நான் ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த வேலையில் நான் பார்த்த ஆகப் பெரிய சம்பளம் அதுதான். உட்காரும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்க ஊர் வாத்தியாரை மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வீடியோ போட்ட வினை

இப்போது எங்கள் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். 'எங்கள்' என்று பன்மையில் சொன்னாலும் செய்தது நான்தான். பணம் போட்டவர்கள், இந்த மாதம் எத்தனை சாமான் ஆச்சு என்று கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்வி. ஒருத்தரை உட்காரவைத்து ஒன்றை முடிக்கும் எங்கள் முறையில், சொல்லிக்கொள்கிற மாதிரி எண்ணிக்கை வராது. வாத்தியாரும் பழனியப்பனும் வருகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். அடுத்த ஞாயிறு தென்னூர் தெருமுனை வரைக்கும் கூட்டம். டூவீலர் போக இடமில்லை.

அன்றைக்குத்தான் விதியைத் தளர்த்தினேன். "வெச்சுட்டுப் போங்க, ரெடியானதும் கூப்பிடுறோம்" என்று எல்லோருக்கும் டோக்கன் கொடுத்தேன். பாய் வேண்டாம் என்றார். ஒரு வாரம்தானே பாய் என்றேன். அந்தக் கூட்டத்தில் காந்தி மார்க்கெட் லோடுமேன் ஒருவர் ஒரு சோப்பு டப்பாவை நீட்டினார். உள்ளே காது மெஷின், சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற வயர் மாடல். "இது இல்லாட்டி மேஸ்திரி என்னை லாரிகிட்ட விட மாட்டாரு" என்றார். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. பத்து நிமிஷ வேலை. உட்காரவைத்திருந்தால் கையோடு முடித்து அனுப்பியிருப்பேன். டோக்கன் நாற்பத்தொன்று என்று கொடுத்து, போன் நம்பர் வாங்கி, நோட்டில் அவசரமாக 'மெஷின்' என்று மட்டும் எழுதினேன். அன்று வந்தது எல்லாமே மெஷின்தான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வாசலில் நின்று, ரெடியான டோக்கன் நம்பரைக் கூப்பிடுவது என் வேலை. என் குரல் பக்கத்து நாற்காலியோடு நின்றுவிடும். "டேய் முரளி, நீ கூப்பிடுறியா, ஜெபம் பண்றியா?" என்பாள் ரேவதி. கூப்பிட்டும் பாதிப் பேர் வரவில்லை. ஓசியில் கொடுத்ததை ஓசியில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். அலமாரி நிறைந்தது, பெஞ்சு நிறைந்தது, டியூஷன் சென்டர் விட்டுப்போன கரும்பலகைக்குக் கீழே கிரைண்டர்கள் வரிசை கட்டின. ஒருவருக்குப் போன் போட்டு உங்கள் கூலர் தயார் என்றேன். அவர் மிகுந்த நட்போடு சொன்னார்: "அங்கயே இருக்கட்டும் தம்பி, வெயில் காலத்துக்கு வந்து எடுத்துக்கறேன். எங்க வீட்ல வெக்க இடமில்ல."

புதுசு வாங்கின சந்தோஷம்

வீடியோ பழசானது. இணையப் பக்கத்தில் பணம் வருவது குறைந்து, பிறகு நின்றது. எங்கள் கையிலிருந்து கொஞ்ச நாள் ஓட்டினோம். கட்டடக்காரர் நல்ல மனிதர். இத்தனை நாள் பாதி வாடகைக்கு விட்டிருந்தார். மகன் அங்கே மெடிக்கல் ஷாப் வைக்கப் போகிறான், மாதக் கடைசிக்குள் காலி பண்ணித் தாங்க என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மூடுவது என்று முடிவானது. அலமாரியில் இருந்ததையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொள்ளக் காயலான் கடைக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். ரேவதி என்னைப் பார்த்தாள். நான் அந்த இணையப் பக்கத்தின் வரியை நினைத்தேன். "ஒண்ணுகூட வேணாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, பாயின் ஸ்கூட்டரில் ஏற்றி வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினோம்.

நன்றியோடு வரவேற்பார்கள் என்று நினைத்தோம். பல வீட்டில் காபி கிடைத்தது உண்மை. தென்னூரிலேயே ஒரு வீட்டில், நாங்கள் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோன அயர்ன் பாக்ஸைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகம் மாறியது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மெதுவாப் பேசுங்க தம்பி. இது இனிமே ஓடவே ஓடாதுன்னு சொல்லித்தான் அவரைப் புதுசு வாங்க வெச்சேன்."

லோன் வேண்டாம்

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது அலமாரியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. நாற்பத்தொன்று, சோப்பு டப்பா. அதை நான் முதல் வாரமே சரிசெய்து, புது பேட்டரி போட்டு மூடி வைத்திருந்தேன். வாசலில் நின்று இரண்டு மூன்று ஞாயிறு நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று கூப்பிட்டிருக்கிறேன். யாரும் எழுந்து வரவில்லை. இந்த டோக்கனுக்குப் போன் போட்டது ரேவதி. அவள் நோட்டிலிருந்த நம்பரைப் பார்த்துப் போடுவாள். அந்தப் பக்கம் எடுப்பார்கள். "ஹலோ... ஹலோ..." என்பார்கள். பிறகு, "லோன் எல்லாம் வேணாங்க, வேற யாருக்காவது குடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எட்டு தடவை போட்டாள். எட்டு தடவையும் லோன் வேண்டாம். தப்பு நம்பர் என்று நோட்டில் கோடு போட்டுவிட்டாள்.

எனக்குத் தூக்கம் போனது. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து இந்த ஒன்றில் வாக்குத் தவறப் போகிறதா? அதுவும் லாரிகிட்ட விட மாட்டாரு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மனிதரிடம். பாய் அந்த டப்பாவை எடுத்து, "இது யாருதுப்பா? போன் பண்ணினா என்ன சொல்றாங்க?" என்று கேட்டபடியே திறந்தார். ரேவதி லோன் கதையைச் சொன்னாள். பாய் வயரைக் கையில் தூக்கிப் பிடித்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றும் கோபப்படவில்லை. "யா அல்லாஹ். அவரு காதை நம்ம அலமாரில வெச்சுக்கிட்டு, அவருக்கே போன் போட்டிருக்கோம் தம்பி."

வெங்காய மண்டி

மறுநாள் காலை மூன்று பேரும் காந்தி மார்க்கெட்டுக்குப் போனோம். பெயர் தெரியாது. காது மெஷின் போட்ட லோடுமேன் என்று விசாரித்தோம். "நம்ம சவரிமுத்து அண்ணனா? அவரு இப்ப மூட்டை தூக்குறதில்லையே. லாரி பின்னால வந்தா தெரியலைன்னு மேஸ்திரி ஒக்கார வெச்சுட்டாரு" என்று ஒருவர் கை காட்டினார். மண்டிக்குப் பின்னால், குவியலுக்கு முன் உட்கார்ந்து, அழுகின வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். மூட்டைக் கூலியில் பாதிகூட வராத வேலை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டப்பாவை அப்படியே கொடுத்திருக்கலாம். நான் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரிசெய்த மெஷினை மறுபடி திறந்து, ஸ்க்ரூ இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். பச்சை பூத்திருந்த இடத்தைக் காட்டி, வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும் என்று சைகையில் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஸ்க்ரூவை அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மூடிக் கொடுத்ததும் காதில் செருகி, சக்கரத்தைத் திருகினார். முகத்தில் மார்க்கெட் சத்தம் முழுக்க வந்து இறங்கியது தெரிந்தது. "மன்னிச்சுக்குங்கண்ணே, ரொம்ப லேட்டாயிருச்சு" என்றேன்.

"அதுக்கு என்ன தம்பி. நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து டோக்கனோட உக்காந்திருந்தேன். நீங்க வாசல்ல நின்னு வாயை அசைச்சீங்க. கூப்பிடுறீங்கன்னு தெரியலை. மனசுக்குள்ள ஏதோ பாட்டுப் பாடுறீங்கன்னு நெனச்சேன்" என்றார். ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். எங்களை, டப்பாவை, சவரிமுத்து அண்ணனின் காதை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் எழுந்து நின்று, எப்படி இப்படி ஆனது, தப்பு முழுக்க எங்களுடையது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் யாரோ என் சட்டையைப் பிடித்துப் பலமாக ஓரத்துக்கு இழுத்தார்கள். நான் நின்ற இடத்தில் வெங்காய லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. என் சட்டை சவரிமுத்து அண்ணன் கையில் இருந்தது. மேஸ்திரி தோளில் கிடந்த சும்மாடுத் துணியை எடுத்து சவரிமுத்து அண்ணனிடம் நீட்டினார். அவர் அதைத் தலையில் சுற்றிக்கொண்டே என்னைக் கேட்டார்: "லாரிக்காரன் அவ்வளவு ஹாரன் அடிக்கிறான், காது கேக்கலையா தம்பி உங்களுக்கு?"

மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்கும்போது அலமாரி காலியாக இருந்தது, அதைப் பெருமையோடு போட்டோ எடுத்து இணையப் பக்கத்தில் போட்டேன். மருங்காபுரி வாத்தியார் பழனியப்பனோடு ஊருக்குப் போய்விட்டார். தோஹா மாமாவும் சென்னை அக்காவும் ரேவதியின் பட்டறையில் இருக்கிறார்கள். ஆக, ஊரில் நின்றுபோனதையெல்லாம் மறுபடி ஓட வைத்துவிட்டு, தான் மட்டும் நின்றுபோனதுதான் எங்கள் 'மறுபடி ஓடும்' அறக்கட்டளை.